எந்தப் பள்ளியின் பாங்கு?

அன்று இஸ்மாலெவ்வை சேருக்குப் பாங்கு கேட்டதா, இல்லையா? எங்கள் ஊரில் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது கதைத்தவர்கள் எல்லோரும் எப்போதாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் நீண்ட காலம் இருந்தவள் என்பதால் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. இதை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கும் தெரிந்திருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் இறந்த செய்தி, மௌத்தான செய்தி, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வந்தது. அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சற்று நேரம் இருக்கும். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்துப் பள்ளியில்தான் முதலில் அறிவித்தார்கள். காற்று குறுக்கே அடித்ததில் "ஓய்வுபெற்ற ஆசிரியர்" என்பது மட்டும் விளங்கியது, பெயர் விளங்கவில்லை. எங்கள் சாய்ந்தமருதில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. பாதித் தேங்காயைக் கையில் பிடித்தபடி அடுத்த பள்ளி அறிவிக்கும்வரை நின்றேன். இரண்டாவது பள்ளியில் பெயர் தெளிவாக வந்தது. மூன்றாவது பள்ளியில் அதே பெயரைச் சொன்னபோது, வேறு யாரையோ சொல்லிவிடமாட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே அவர் இனிமையான மனிதர் என்று எழுதி உங்களை ஏமாற்ற முடியாது. புவியியல் படிப்பித்தார். சத்தமாகக் கதைப்பார். இடது காது அவருக்கு நல்லாகக் கேட்காது என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை. அவரோடு கதைக்க வேண்டியவர்கள் வலது பக்கத்துக் கதிரையைத் தேடி உட்காருவார்கள். அந்தக் கதிரை அநேகமாக வெறுமையாகத்தான் இருக்கும்.

ஒரு மாரி காலத்துக் காலையைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி இருக்கும். பாடசாலை மணி அடித்ததும் அதிபர் ஆசிரியர்களின் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு ஒன்று இழுப்பார். கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர் பிந்தி வந்தவர், அது அவருடைய லீவில் வெட்டப்படும். அன்று பிரதான வீதியில் முழங்காலளவு தண்ணீர். இஸ்மாலெவ்வை சேர் காற்சட்டையை மடித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாங்கள் சிலர் அவருக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றோம்.

"வாங்க சேர், வாங்க. இன்னும் கோடு போடல்ல" என்றார் அதிபர்.

சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதிபரின் கையிலிருந்து சிவப்புப் பேனையை வாங்கினார். தானே கோட்டை இழுத்தார். அதற்குக் கீழே ஒப்பமிட்டார். அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டியதாயிற்று.

"ஒங்கட நேர்மைக்கு எங்கட லீவு போகுது சேர்" என்று நான் சொன்னேன். எனக்கு உண்மையாகவே கோபம்.

"மழைக்குப் போகுது டீச்சர். எனக்கில்ல" என்றார்.

கிரிக்கெட் எனக்கு விளங்கும், ஆனால் பிடிக்காது. ஒரு பந்துக்காக ஊர் இரண்டுபடுவதைப் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். உம்மாவின் வீடு அது, மகள் என்பதால் எனக்கு வந்தது. ஆகவே விரும்பியோ விரும்பாமலோ சேர் நடுவராக நின்ற ஆட்டங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை மேலங்கி ஒன்று போட்டிருப்பார். முழங்காலுக்குக் கீழே வரும். ஒரு பையில் ஆறு புளியங்கொட்டை இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை மற்றப் பைக்கு மாற்றுவார். எந்த அணிக்காரன் எவ்வளவு கத்தினாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது.

அவர் விளையாடிய காலத்தில் அப்படியில்லையாம். அதை எனக்குச் சொன்னவர் எங்களோடு படிப்பித்த அருள்ராசா சேர். கல்முனை மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர், இஸ்மாலெவ்வை சேரை "லெவ்வை" என்று கூப்பிடக்கூடிய ஒரே ஆள். இளம் வயதில் இருவரும் எதிரெதிர் அணிகளில் விளையாடியிருக்கிறார்கள். ஒருமுறை அருள்ராசா சேர் அடித்த பந்தை இவர் தாவிப் பிடித்திருக்கிறார். நடுவர் கையை உயர்த்திவிட்டார். அருள்ராசா சேர் நடந்து எல்லைக் கோட்டுக்கே போய்விட்டாராம். இவர் பின்னால் ஓடிப்போய், பந்து நிலத்தில் பட்டது, வா என்று திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார்.

"திருப்பிக் கூட்டிவந்து என்ன? நான் நிண்டு அடிச்சதில அவன்ட அணி தோத்துப் போச்சு. அண்டைக்கு அவன வீட்டுக்குள்ள எடுக்கல்லயாம்" என்று அருள்ராசா சேர் சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் நடுவரானதும் ஏன் கல்லாகிப்போனார் என்று நான் ஒருநாள் கேட்டேன். வலது பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

"விளையாடுறவனுக்கு மனம் இரிக்கலாம் டீச்சர். அம்பயருக்கு இரிக்கப்படாது. இருந்தா அது ஒரு பக்கத்துக்குத்தான் இரிக்கும்."

இனி அந்த இறுதியாட்டத்துக்கு வருகிறேன். வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மைதானங்களில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லத் தொடங்கியதும் ஆட்டம் நின்றுவிடும். எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. யார் தொடங்கி வைத்தார்கள் என்றும் தெரியாது. பந்துவீச ஓடி வருகிறவன் பாதியில் நிற்பான். துடுப்பாடுகிறவன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பான். தொழுபவர்கள் தொழப் போவார்கள், மற்றவர்கள் நிழலில் இருந்து தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பார்கள். சொறிக்கல்முனையிலிருந்து விளையாட வரும் தமிழ்ப் பிள்ளைகளும் இதற்குப் பழகியிருந்தார்கள். நடுவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

சேர் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், பெருநாளை ஒட்டி நடந்த சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். எங்கள் ஊர் அணியும் கல்முனைக்குடி அணியும் மோதின. எங்கள் அணியில் கடைசி இருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெல்லச் சொற்ப ஓட்டங்களே தேவை. பந்தை எதிர்கொண்டவன் என் தம்பி நௌசாத்.

அவன் பந்தைக் கால் பக்கமாகத் தட்டிவிட்டு இரண்டு ஓட்டங்கள் ஓடினான். திரும்பி வந்து மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றினான். தூரத்தில் பந்தைப் பொறுக்கிய களத்தடுப்பாளர் அதை எறிந்தார். அந்த நேரத்தில் தெற்கே எங்கோ ஒரு பள்ளியில் பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு மெல்லிசாகத் தொடங்கியது. நௌசாத் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். எறிந்த பந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. கல்முனைக்குடியின் கப்டன்தான் விக்கெட் காப்பாளர். அவர் பந்தைப் பிடித்து, பெயில்ஸைத் தட்டிவிட்டு, கையை உயர்த்திக் கத்தினார்.

எனக்குப் பாங்கு கேட்டது. அதை நான் சாட்சியாகச் சொல்லவில்லை. நான் மாடியில் நின்றேன், காற்றும் தெற்கிலிருந்து என் பக்கமாக அடித்தது. சேர் கீழே, பக்கவாட்டில், தன் இடது காதைத் தெற்குக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அவர் உடனே கையை உயர்த்தவில்லை. கப்டனுக்கு அருகே நடந்து வந்தார். அங்கே கதைத்ததை நௌசாத் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒருமுறையும் ஒரு சொல் மாறியதில்லை.

"அப்பீல் பண்றீங்களா?"

"ஓம் சேர்."

"வாபஸ் வாங்குறீங்களா?"

"எதுக்கு சேர்? பந்து உசிரோடதானே வந்த."

"நான் கேக்கிறது அத இல்ல. வாங்குறீங்களா, இல்லயா?"

"இல்ல சேர்."

நௌசாத் இடையில் புகுந்தான். "சேர், பாங்கு சொல்றாங்க சேர்."

"எந்தப் பள்ளி?"

"சேர்?"

"எந்தப் பள்ளியில சொல்றாங்க?"

நௌசாத் தெற்கே கையைக் காட்டினான். அதற்குள் பக்கத்துப் பள்ளியும் தொடங்கிவிட்டது, கடற்கரைப் பள்ளியும் தொடங்கிவிட்டது. எது முந்தியது, எது பிந்தியது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சேர் விரலை உயர்த்தினார்.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்க விரும்பவில்லை, ஆனால் பார்த்தேன். "பாங்குக்கு அவுட் குடுத்த அம்பயர்!" என்று ஒருவர் கத்தினார். பிளாஸ்டிக் கதிரைகள் பறந்தன. சேர் குனிந்து பெயில்ஸைப் பொறுக்கி விக்கெட்டின் மேல் வைத்தார். மேலங்கியைக் கழற்றி மடித்தார். அப்படியே நடந்து பக்கத்துப் பள்ளிக்குப் போய் முதல் வரிசையில் நின்று தொழுதார். அவரை ஏசிய பலர் அவருக்குப் பின்னால் நின்று தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் திரும்பவும் ஏசினார்கள்.

சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. பந்து அசைந்துகொண்டிருந்தது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை, துடுப்பாட்டக்காரன் கோட்டுக்கு வெளியே நின்றான், எதிரணி கேட்டது. விட்டுக்கொடுக்கும் உரிமை கப்டனுக்கு இருந்தது. அதை சேர் அவர் முன்னால் வைத்துக் கேட்டார், அவர் வேண்டாம் என்றார். பெருந்தன்மை காட்டியிருக்க வேண்டியவர் கப்டன். ஆனால் கப்டன் வென்றுவிட்டார், வென்றவரை ஊர் மறந்துவிட்டது. அம்பயரை மறக்கவில்லை. என் தம்பியையும் மறக்கவில்லை.

அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பாங்கவுட். பகிடிக்கு வைத்த பெயர், ஆனால் போகவே இல்லை. அவனுடைய இரும்புக்கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் "பாங்கவுட்ட கடை எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் பாங்கு தொடங்கியதும் "நௌசாத், கிறீஸுக்குள்ள நில்லு மச்சான்!" என்று சத்தம் போடுவார். அவன் சிரிப்பான். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒருநாள் சொன்னான்: "நான் செய்தது பிழையா ராத்தா? பாங்குக்கு மரியாத குடுத்துத்தானே நடந்தன். ஏமாத்தினவனுக்கு ஒரு பேரும் இல்ல, எனக்கு மட்டும் பேர்." அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை. சேரின் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. சின்ன வயதில் அந்த வீட்டு மாமியின், சேரின் மனைவியின், கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

ஆசிரியர் அறையில் நான் விடவில்லை.

"சேர், வழமையும் சட்டம்தானே. எழுதாத சட்டம்."

"எழுதாத சட்டத்தில எந்தப் பள்ளி எண்டு இரிக்கி?"

"அதையெல்லாம் யாரும் கேக்கிறதில்ல."

"அண்டைக்குக் கேட்டாச்சே டீச்சர்."

அருள்ராசா சேர் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கிட்டார். "ஓய் லெவ்வை, எங்கட கோயில் மணிக்கு எங்கட பொடியனுகள் ஒரு பந்தும் நிப்பாட்ட மாட்டானுகள். உன்ட ஆக்கள் பாங்குக்கு நிண்டா, நீ அவுட் குடுக்கிறாய். நீ பேசாம எங்கட பக்கம் வா."

"ஒன்ட பக்கம் வந்தா ஞாயித்துக்கிழம மெட்ச் இல்லாமப் போயிரும்" என்றார் சேர். அந்த வாரம் முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. விளங்கியதால் நன்மை எதுவும் வரவில்லை. ஒரு வழமை, அதை யாரும் கேள்வி கேட்காதவரைக்கும்தான் உயிரோடு இருக்கிறது. கப்டன் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு சேர் என்ன தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் அந்த வழமை முந்திய மாதிரி இருந்திராது. அடுத்த வருடம் போட்டிக் குழு ஒரு விதி எழுதியது: பாங்கு சொன்னாலும் நடுவர் "டைம்" என்று சொன்ன பிறகே ஆட்டம் நிற்கும். இப்போது பாங்கு தொடங்கும்போது மாடியிலிருந்து பார்க்கிறேன். துடுப்பாடுகிறவர்கள் மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றிக்கொண்டு நடுவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நடுவர் கையை உயர்த்தும்வரை ஒருவரும் அசைவதில்லை. சேரின் வெற்றி இது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. தவறு என்று சொல்லவும் வருவதில்லை.

சேருக்கு நீரிழிவு நெடுநாளாகவே இருந்தது. பிறகு சிறுநீரகம் பழுதடைந்தது. கடைசி மாதங்களில் கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் இடைக்கிடை போவேன். வலது பக்கத்தில் ஒரு கதிரை எப்போதும் இருக்கும். ஒருநாள் மாமி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போயிருந்தார். அன்றுதான் நான் கேட்டேன்.

"சேர், நௌசாத வரச் சொல்லவா?"

"வரவேணாமெண்டு நான் சொல்லல்லயே."

"நீங்க கூப்பிட்டா வருவான்."

"நான் என்ன சொல்லிக் கூப்பிட? பிழ செஞ்சிட்டன் எண்டா? நான் பிழ செய்யல்ல."

"பிழ எண்டு சொல்ல வேணாம். கவலையாப் போச்சு எண்டு சொல்லலாம்தானே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கவலையா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. மைதானத்தில் பார்த்த அதே முகம். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஊரெல்லாம் கேட்டதை நானும் கேட்டேன்.

"அண்டைக்கு ஒங்களுக்குப் பாங்கு கேட்டதா சேர்?"

"கேட்டது எண்டு சொன்னா, பாங்க மதிக்காத மனிசன் எண்டுவாங்க. கேக்கல்ல எண்டா, செவிடன அம்பயரா வெச்ச எண்டுவாங்க." மூச்சு வாங்கினார். "ரெண்டுலயும் அவன் கிறீஸுக்கு வெளியதான் நிக்கிறான் டீச்சர்."

கேட்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊர் அன்றே மன்னித்திருக்கும். என் தம்பியும் மன்னித்திருப்பான். காது கேளாத மனிதனிடம் யார் கோபிப்பார்கள்? அந்த ஒரு சொல்லை அவர் ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். கேட்டிருந்தால், அந்தச் சொல் பொய்யாகும் என்பதற்காகவா? கேட்கவில்லை என்றால், கேட்பதும் கேட்காததும் தீர்ப்புக்குரிய விடயமல்ல என்பதற்காகவா? அல்லது தன் இடது காதை ஊர் முன்னால் கொண்டுவந்து வைக்க மனம் வராமலா? மூன்றும் அவருக்குப் பொருந்தும். மாமி தேத்தண்ணியோடு வந்துவிட்டார். நான் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நௌசாத்திடமும் போனேன். "மனிசன் கிடக்கிறார், ஒருக்காப் போய்ப் பாரு" என்றேன். "ஆள் அனுப்பினவரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று ஆணி நிறுக்கத் தொடங்கினான். அவர் கூப்பிடவில்லை, இவன் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் நடந்தது நான் மட்டும்தான். நடந்து ஒன்றும் ஆகவில்லை.

ஜனாஸா அன்று, அடக்கத்துக்கு முன்னால், பெண்கள் நாங்கள் வீட்டில் முகம் பார்த்தோம். வெள்ளைத் துணிக்குள் அவர் வழமையைவிடச் சிறியவராக இருந்தார். பிறகு ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். தோளில் தாங்கியவர்களில் ஒருவர் அன்றைய கல்முனைக்குடிக் கப்டன். அழுதுகொண்டு போனார். அழுகை பொய் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மௌத்தானவரின் பிள்ளை எழுந்து நின்று, அவரால் யாருக்காவது மனம் நொந்திருந்தால் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மன்னித்துவிடும்படி, கேட்பது வழக்கம். பெண்கள் அங்கே போவதில்லை. நான் மாடியில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். பேசியது சேரின் மகன் இம்ரான்.

"எங்கட வாப்பாவால யாருக்காவது மனம் நொந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க."

வரிசைகளில் நின்றவர்கள் முணுமுணுத்துப் பதில் சொன்னார்களாம். ஒலிபெருக்கியில் அது ஒரு இரைச்சலாகத்தான் வந்தது. அந்த இரைச்சலுக்குள் என் தம்பியின் குரல் இருந்ததா என்று கண்டுபிடிக்க முயன்றேன். எப்படி முடியும்?

பின்னேரம் அவன் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். கால் முழுக்க மணல். வாசல் குழாயில் கழுவிக்கொண்டிருந்தபோதே கேட்டேன்.

"பொருந்தினியா தம்பி?"

"அவர் கேட்டவரா?"

"இம்ரான் கேட்டானே."

"மகன்தான் கேட்டான். அவர் கேக்கல்ல." குழாயைப் பூட்டினான். "கேக்காம அம்பயர் குடுக்க ஏலாது எண்டு எனக்குச் சொன்னவரே அவர்தான் ராத்தா."

கிரிக்கெட்டில் அப்படி ஒரு விதி உண்டு. ஒருவன் எவ்வளவு வெளிப்படையாக ஆட்டமிழந்திருந்தாலும், எதிரணி கேட்காவிட்டால் நடுவர் தானாகக் கொடுக்க முடியாது.

"மௌத்தான மனிசன்ட விசயத்தில விதி பாக்கிறியா?"

"உசிரோட இரிந்த என்ட விசயத்தில அவர் பாத்தவர்தானே."

அந்தக் குரல் அவனுடையதுதான். சொற்கள் சேருடையவை. இத்தனை வருடம் வெறுத்தே அவரை அவன் மனப்பாடமாக்கி வைத்திருந்தான். நான் துவாயைக் கொடுத்தேன்.

இப்படிப்பட்ட கட்டுரைகளில் மறைந்தவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று சொல்லவேண்டும். கூட்டங்களில் யாராவது "ஊர் வழமை" என்று தொடங்கினால், "எந்தப் பள்ளி?" என்று எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. சில வேளைகளில் சத்தமாகவே கேட்டுவிடுகிறேன். அதனால் எனக்குப் பக்கத்துக் கதிரையும் இப்போது வெறுமையாக இருக்கிறது. இது அவர் தந்தது. இன்னொன்றும் இருக்கிறது: நியாயமான தீர்ப்பும் ஒரு மனிதனை உடைக்கும் என்பதும், அதற்காக அந்தத் தீர்ப்பைப் பிழை என்று சொல்ல முடியாது என்பதும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது என்பதை அவர் சொல்லித் தரவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கிறேன்.

மையத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள்தான் சாப்பாடு கொடுப்பார்கள். மறுநாள் பகல் சாப்பாடு எங்கள் வீட்டு முறை. சோற்றுச் சட்டியைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது நௌசாத் வந்தான். "தாங்க ராத்தா, நான் கொண்டு போறன்" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனோடு நானும் நடந்தேன்.

மாமி, கணவர் இறந்தால் பெண்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தார். பிற ஆண்கள் முன்னால் வரமாட்டார். உள் அறை வாசலில் திரை தொங்கியது. நான் உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தேன். நௌசாத் சட்டியை மண்டபத்து மேசையில் வைத்துவிட்டு நின்றான். முன் அறையில் கட்டிலை எடுத்துவிட்டார்கள். கதிரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"மாமி" என்றான் திரையைப் பார்த்து. "கடைசி நேரத்தில அவர் என்னப் பத்தி ஏதும் கேட்டவரா?"

நான் மாமியின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஓம் என்று ஒரு சொல். அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு விளங்கியது. என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"இல்ல மகன். கேக்கல்ல."

வெளியில் சட்டியை மேசையின் நடுவுக்கு நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஓம் மாமி" என்றான் நௌசாத். "கேக்க மாட்டார்."

அவன் படியில் ஒரு காலை வைத்தபோது தெற்கே நண்பகல் லுஹர் பாங்கு தொடங்கியது. திரையின் ஓரத்தால் எனக்குத் தெரிந்தது. அவன் வைத்த காலை எடுத்தான். உள்ளே வந்து நின்றான். பக்கத்துப் பள்ளி தொடங்கியது, கடற்கரைப் பள்ளி தொடங்கியது, ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் பள்ளியின் கடைசிச் சொல்லும் முடியும்வரை அவன் அசையவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கும் எங்கட வீட்டுச் சாப்பாடுதான் மாமி. நானே கொண்டு வாறன்."

மாமி தலையை ஆட்டினார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து ஆட்டியது அவனுக்குத் தெரிந்திருக்காது.